பேத்தமங்கலம்: நாங்கள் குடித்த பூங்கா

"தங்கவயலில் ஆறு ஏது?"

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது, திருச்சிக்கார நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அதற்கு முன் பேச்சு முக்கொம்பைப் பற்றி. காவிரி கொள்ளிடமாகப் பிரியும் இடம், நிழல் தரும் பூங்கா, காணும் பொங்கலன்று கட்டுச் சோற்றோடு வரும் கூட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கள் கோலார் தங்கவயலுக்கும் ஓர் ஆற்றங்கரைப் பூங்கா உண்டு. ஆனால் உங்கள் முக்கொம்பில் இல்லாத சட்டம் ஒன்று அங்கே இருந்தது. தண்ணீரில் கால் வைக்கக் கூடாது" என்றேன்.

நண்பர் சிரித்துவிட்டார். "கால் நனைக்க முடியாத ஆற்றங்கரைக்கு எதற்கையா போவது?"

அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு ஆறுகளின் ஊர்

தங்கவயல் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அன்று. மழை குறைந்த மேட்டு நிலம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. தங்கப் பாறையை நொறுக்கி அரைக்கவும் தண்ணீர் வேண்டும். லைன் வீடுகளில் நெருக்கி நெருக்கிக் குடியிருந்த மக்கள் குடிக்கவும் தண்ணீர் வேண்டும். கிணறும் குட்டையும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

விடை இரண்டு ஆறுகளிலிருந்து வந்தது. சிவசமுத்திரம் அருவியில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம், 1902-ல் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவிளக்குகளே 1905-ல்தான் எரிந்தன என்றால், எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் இருப்பதில் வியப்பில்லை.

மற்றோர் ஆறு பாலாறு. நந்தி மலைப் பக்கம் தோன்றிக் கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேரும் நதி. அது தங்கவயலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் பேத்தமங்கலத்தில் ஒரு பெரிய ஏரியாக விரிகிறது. அந்த ஏரி வெள்ளைக்காரன் வெட்டியதன்று. விஜயாதித்தமங்கலம் என்பது அவ்வூரின் பழைய பெயர். பாண மன்னன் ஒருவன் பெயரால் அமைந்த ஊர் அது. அங்கிருந்த பெரிய ஏரி உடைந்து போக, இரிவ நுளம்பன் காலத்தில் அதைத் திருத்திக் கட்டினார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. அது ஏறக்குறைய கி.பி. 950. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் முந்திய கரை அது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பழைய ஏரியின் கரையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. ஏரி நீரை வடிகட்டி, பம்பு வைத்து மேட்டிலிருந்த தங்கவயலுக்கு ஏற்றினார்கள். ஆக, காவிரி எங்களுக்கு வெளிச்சமாக வந்தது, பாலாறு குடிநீராக வந்தது. தமிழ்நாட்டை விட்டு வந்த எங்கள் முன்னோர்களைத் தமிழ்நாட்டுக்குப் போகும் இரண்டு ஆறுகளே காப்பாற்றின.

நைனாவின் ஞாயிற்றுக்கிழமை

தண்ணீர் நிலையத்தைச் சுற்றி மரம் வைத்தார்கள், பூச்செடி வைத்தார்கள், வேலி போட்டுக் காவலும் வைத்தார்கள். குடிநீரைக் காக்கப் போட்ட வேலிதான் நாளடைவில் பூங்காவாக ஆயிற்று. துரைமார் காலத்தில் ஏரியில் படகு விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சிறுவனாக இருந்த 1960-களில் படகு எதையும் பார்த்ததில்லை. ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

யார் யார் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குட்டஹள்ளி பங்காரு திருப்பதியில் சன்னல் துளை வழியாகப் பெருமாளைச் சேவித்துவிட்டு, திரும்பும் வழியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க வருவார்கள். காணும் பொங்கலுக்கு லைன் லைனாகச் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் என்று வரிசையாக வந்து, வடிகட்டும் தொட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பாட்டுப் பெட்டியோடு வரும். கல்யாணமான புது மாப்பிள்ளையை மைத்துனன்மார் அழைத்து வந்து காட்டும் இடமும் அதுதான். எங்கள் ஊரில் வேறு எதைக் காட்டுவது? மலை போலக் குவிந்த சைனைடு மண்ணையா?

ஆனால் அந்தப் பூங்காவை உண்மையில் அனுபவித்தவர்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள் என்பேன். என் நைனா சாம்பியன் ரீப்பில் வேலை செய்தவர். (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்.) அந்தச் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கேஜில் ஏறிக் கீழே இறங்கினால் வெப்பமும் இருட்டும் பாறைத் தூசும்தான். எந்த நேரம் பாறை வெடிக்குமோ என்ற பயம் வேறு. எட்டு மணி நேரம் தலைக்கு மேலே கல்லையே பார்த்த மனிதருக்கு, தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பேத்தமங்கலம் போவார். ஏரிக்கரையில் துண்டை விரித்து உட்காருவார். பேச மாட்டார். சாப்பிடுவார், பீடி ஒன்று பிடிப்பார், தண்ணீரைப் பார்த்துக் கொண்டே இருப்பார். காற்று அடித்து அலை கரையில் மோதும். பொழுது சாயும்போது எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு, "போலாமாடா?" என்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஷிப்டுக்குப் போகும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

கால் வைக்காத கரை

ஒரு தடவை நான் சறுக்கலில் இறங்கித் தண்ணீரில் கால் வைக்கப் போனேன். எட்டு வயதிருக்கும். காவல்காரர் சத்தம் போடுவதற்கு முன்பே நைனா என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"வைக்காதடா. நாளைக்கு நம்ம பைப்புல வர்ற தண்ணி இது. உங்கம்மா குடிக்கிற தண்ணி."

அடி விழவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றுவரை மறக்கவில்லை. மறுநாள் காலை லைன் குழாயடியில் குடத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தபோது, அந்தக் குழாயின் மறுமுனையில் நான் நேற்று உட்கார்ந்திருந்த கரை இருக்கிறது என்பது முதன்முதலாக எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என் தம்பி தங்கைகளை நானே அதட்டினேன். வேலியும் காவலும் இருந்தது உண்மை. ஆனால் ஒரு காவல்காரர் அத்தனை பெரிய ஏரியை எப்படிக் காப்பார்? வந்தவர்களே காத்தார்கள். பார்த்துவிட்டுப் போன தண்ணீரைத்தான் அவர்கள் வீட்டில் குடித்தார்கள்.

இப்படிப்பட்ட பூங்கா உலகத்தில் எங்களுக்கு மட்டும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தார் 1815-ல் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் பேர்மவுண்ட் குடிநீர் நிலையத்தை அமைத்தார்கள். ஆற்றை அசுத்தம் அண்டக் கூடாதென்று 1844-லிருந்து கரையோர நிலங்களை நகரமே வாங்கத் தொடங்கியது. அந்த நிலங்களே பேர்மவுண்ட் பூங்காவாக வளர்ந்தன. நகரத்துப் பெருமக்கள் குடும்பத்தோடு வந்து பம்பு இயந்திரங்களை வேடிக்கை பார்த்தார்களாம். ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் ஆலைகளும் ஊர்களும் பெருகி அசுத்தத்தைக் கொட்டின. கீழே பூங்கா பச்சையாக இருக்க, தண்ணீர் கெட்டது. நகரத்தில் டைபாய்டு பரவியது. 1909-ல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். வேலிக்கு உள்ளே மட்டும் காத்தால் ஆறு பிழைக்காது என்பதற்கு அது ஒரு பாடம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கே நம் பெங்களூருக்கு அர்க்காவதி ஆற்றில் 1894-ல் ஹெசரகட்டாவும், 1933-ல் திப்பகொண்டனஹள்ளியும் குடிநீர் தந்தன. 1974-ல் காவிரி நீர் வந்தது. அதன்பின் அர்க்காவதியை நினைத்துப் பார்க்க நகரத்தாருக்கு நேரமில்லை. வரத்து குறைந்தது, கழிவு கலந்தது. திப்பகொண்டனஹள்ளி நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க 2003-ல் அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை வந்தது சரி, அதற்குள் ஆறு பாதி போய்விட்டதே!

கீழேயிருந்து வந்த கேள்வி

என் தாய்மாமன் வாணியம்பாடிப் பக்கம் விவசாயி. எங்கள் வீட்டுக்கு வந்தவரை நான் பெருமையோடு பேத்தமங்கலம் அழைத்துப் போனேன். ஏரி நிறைந்து கிடந்தது. அவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ தண்ணியா மாப்ளே? எங்க ஊர் ஆத்துல மணல்தான் ஓடுது."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அந்த ஏரி நிறைந்திருப்பது மட்டுமே எனக்குத் தெரியும். வழிந்து போகும் நீர்தான் ராமசாகரம் ஏரியையும் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போய், அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று அவர்களுடைய ஆறாகிறது என்பதை நான் யோசித்ததில்லை. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் அடக்கம். ஆனாலும் பூசல் ஓயவில்லை. 2016-ல் ஆந்திர எல்லையில் புல்லூர் கனகநாச்சியம்மன் கோயிலருகே தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது, வேலூர் மாவட்ட விவசாயிகள் கொதித்துப் போனது பலருக்கு நினைவிருக்கும்.

மேலே இருப்பவன் தன் ஏரியை நிரப்பிக் கொள்வதும், கீழே இருப்பவன் மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் பாலாற்றின் நெடுநாள் கதை. அந்த நுளம்பர் ஏரி ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அதன்மீது குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கரையில் உட்கார்ந்து மகிழ்ந்த எங்களுக்குக் கீழே உள்ளவர்களின் நினைப்பும் இருந்திருக்க வேண்டும். பல குடும்பங்களுக்குக் கீழே இருந்தவர்கள் சொந்தக்காரர்கள்தாமே!

நைனாவின் செருப்பு

28.2.2001 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டு வேலை ஒரு நாளில் நின்றது. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூர் வந்து வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. அப்படிப்பட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது தூங்குவதற்கு மட்டும்தான். ஏரிக்கரைக்குப் போகும் கால்கள் குறைந்தன.

மழையும் பொய்த்தது. நைனாவுக்கு அப்போது மூச்சிரைப்பு அதிகம். பாறைத் தூசு நெஞ்சில் தங்கிய பலருக்கும் வந்த நோய்தான். 2003 கோடையில் ஒரு நாள், "ஏரியப் பாக்கணும்டா" என்றார். ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். தண்ணீர் எங்கோ நடுவில் குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த சேறு, சீமைக் கருவேலம், மேயும் ஆடுகள்.

நைனா கரையிலிருந்து மெல்ல இறங்கினார். ஏரியின் தரை தொடங்கும் இடம் வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகுதான் உள்ளே கால் வைத்தார். நாற்பது வருடம் கால் வைக்காத இடம். பத்தடி நடந்து, மூச்சு வாங்க நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுத் திரும்பினார். வீடு வரும்வரை பேசவில்லை. அன்று எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வந்திருந்தது. குடங்களின் சண்டைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அந்த வருடமே அவர் காலமானார்.

கோடி போன ஆண்டு

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பாலாறு பெருகியது. பேத்தமங்கலம் ஏரி நிறைந்து கோடி போனது. ஏரி வழிவதைத் தமிழிலும் கன்னடத்திலும் கோடி என்றே சொல்வது எவ்வளவு பொருத்தம்! கீழே வேலூரில் கரை கொள்ளாத வெள்ளம். என் மாமன் மகன் தொலைபேசியில், "அத்தான், ஆத்துல தண்ணி போவுது, கேக்குதா?" என்று போனை ஆற்றுப் பக்கம் நீட்டினான். ஒரே இரைச்சல்தான் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

நானும் புறப்பட்டுப் போனேன். என்ன கூட்டம்! மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வந்து இறங்குகிறார்கள். வழியும் தண்ணீரில் இறங்கி ஆடுகிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், சிப்ஸ் பாக்கெட், உடைந்த பாட்டில். ஓர் இளைஞரிடம், "தம்பி, இது குடிக்கிற தண்ணி" என்றேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "தாத்தா, நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம்."

அந்த ஒரு பதிலில் எல்லாம் விளங்கிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏரிக்கும் அவருடைய வீட்டுச் சொம்புக்கும் இடையே இருந்த குழாயை அவர் தலைமுறை பார்த்ததே இல்லை. அவருக்கு அது அழகான இடம், அவ்வளவுதான். எங்களுக்கு அது அழகான இடமும், அம்மாவின் குடமும். அழகுக்காக மட்டும் வருகிறவர்கள் அழகு போனதும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். அதைக் குடிக்கிறவர்களுக்கு அப்படிப் போக முடியாது. கால் நனைக்க முடியாத கரைக்கு நாங்கள் ஏன் போனோம் என்று கேட்ட நண்பருக்கு இதுதான் என் பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடி நீரை உயர்த்துவதற்கான திட்டம் அது. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. சுத்திகரிப்பு போதாது என்று நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. அந்த வழக்கின் இரு பக்கத்தையும் தீர்த்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இங்கே பெங்களூரில் நம் வீட்டுச் சாக்கடையில் நாம் எதை ஊற்றுகிறோமோ, அதற்கும் கோலார்க்காரன் ஏரிக்கும் இப்போது உறவு வந்துவிட்டது. மேலே இருப்பவர்கள் இப்போது நாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தில் தங்கவயலிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கும் குறைவில்லை. வருகிற தை மாதம் காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு பேத்தமங்கலம் போவோம். கட்டுச் சோறு கொண்டு போவோம். சாப்பிட்ட இலையும் காகிதமும் நம்மோடு திரும்பி வரட்டும். முடிந்தால் உள்ளூராரின் அனுமதி பெற்று, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த எந்த ஊருக்குப் போகிறது என்று கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய பலகை ஒன்றைக் கரையில் வைக்கலாம். மூன்று மொழிக்காரர்களும் குடிக்கும் ஆறுதானே அது.

திருச்சி நண்பர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கரையில் துண்டு விரிக்க ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைக்கப் போனால், தோளைப் பிடித்து இழுக்க நானும் பக்கத்திலேயே இருப்பேன்.